செபாஸ்டின் நல்லவரான ஒன்பது நாட்கள்

செபாஸ்டினுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே சொத்து தொண்டை. ராயக்கோட்டை சாலையில் இருக்கும் அந்தத் தக்காளி விழுதுக் கம்பெனியில் பாய்லர் இரைச்சல், பெல்ட் இரைச்சல், வாசலில் நிற்கும் டிராக்டர் இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி அவர் குரல் கேட்கும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேராகப் பதினாறு பெண்கள் நின்று, ஓடிவரும் தக்காளியில் அழுகலையும் பச்சையையும் பொறுக்கி எறிவார்கள். அந்தப் பதினாறு பேருக்கும் பத்தொன்பது வருஷமாக சூப்பர்வைசர் அவர்தான்.

அவர் திட்டுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. "எருமை" என்றால் கை மெதுவாகப் போகிறது. "மூதேவி" என்றால் அழுகல் ஒன்று தப்பிப் போய்விட்டது. "உங்கப்பன் வூட்டு பெல்ட்டாடி இது" என்றால் உடனே நிறுத்த வேண்டும். புதிதாகச் சேருகிற பெண் ஒரு வாரத்தில் இதைப் படித்துவிடுவாள். வலிக்காதா என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் பழகிய வலி. சாயங்காலம் கை கழுவும்போது தக்காளிச் சாற்றோடு அதையும் கழுவிவிட்டுப் போவார்கள்.

ஊரில் அவர் வீட்டுக்கு சூப்பர்வைசர் வூடு என்றுதான் பெயர். கோயில் தேர்த் திருவிழா நோட்டீசில் பங்குத்தந்தை பெயருக்கு நாலு வரி கீழே, 'திரு. செபாஸ்டின், சூப்பர்வைசர்' என்று வருஷம் தவறாமல் அச்சாகும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஐம்பத்தொரு வயது, கொஞ்சம் சர்க்கரை, அந்தத் தொண்டை. அவ்வளவுதான்.

அந்தச் சொல்லுக்குத்தான் ஆபத்து வந்தது. கம்பெனி ஒரு மிஷின் வாங்கியது. பெல்ட்டுக்கு மேலே கேமரா, பக்கத்தில் திரை. அழுகல் வந்தால் கேமரா பார்த்துக் காற்றை அடித்து அதுவே தள்ளிவிடும். திரையைப் பார்த்து இயக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

மேனேஜர் தங்கராஜ் செபாஸ்டினை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "மிஷின் ஓடுனா ஆறு பேர் போதும். இத யார்கிட்டயும் மூச்சு வுடாதீங்க. அடுத்த புதன்கிழமை விழுது வாங்கற வெளிநாட்டுக்காரங்க வராங்க. பதினாறு பேருக்கும் பயிற்சி குடுத்து, மாற்றத்துக்குத் தயார் பண்ணிட்டோம்னு கையெழுத்தோட காட்டணும். அவங்க பிளேன் ஏறட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

"பத்துப் பேர் போவப் போறாங்க, அவங்களுக்கு எதுக்குங்க சார் பயிற்சி?"

"அதாங்க செபாஸ்டின் மாற்றம்" என்றார் தங்கராஜ். தனக்கே புரியாததைச் சொல்லும்போது அவர் முகம் ரொம்ப சாந்தமாகிவிடும். "இன்னொன்னு. இந்தக் கத்தல், திட்டல் எல்லாம் இனிமே ஆவாது. நீங்களும் மூணு நாள் பயிற்சிக்குப் போறீங்க. மாறுனீங்கன்னா நீங்களே சூப்பர்வைசர். மாறலன்னா வேற ஆள் பாத்துக்க வேண்டியதுதான்."

திங்கட்கிழமை பயிற்சி தொடங்கியது. பெங்களூரிலிருந்து நிர்மலாதேவி என்ற அம்மா வந்தார். கழுத்தில் அட்டை, கையில் ரிமோட், வாயில் ஓயாத சிரிப்பு. கூட்ட அறையில் செபாஸ்டினோடு பாய்லர் சூப்பர்வைசர், பேக்கிங் சூப்பர்வைசர் என்று ஆறு ஆண்களை வட்டமாக உட்கார வைத்தார். "இங்க யாரும் மேல இல்ல, யாரும் கீழ இல்ல. எல்லாரையும் அணைச்சுக் கூட்டிட்டுப் போறதுதான் இன்க்ளூசிவ் லீடர்ஷிப்" என்றார். அணைத்து என்ற சொல்லைக் கேட்டதும் பாய்லர்காரர் பயந்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மூன்று நாளும் கூத்துதான். கலர் கலராக ஒட்டும் காகிதம் கொடுத்து மனதில் இருப்பதை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். எதிரில் இருப்பவர் பேசுவதை இரண்டு நிமிஷம் வாயே திறக்காமல் கேட்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தார். செபாஸ்டினால் நாற்பது விநாடி தாங்க முடிந்தது. பெரியவர்களுக்குப் பாடம் நடத்தக் கூடாதாம், அவர்கள் அனுபவத்தைக் கேட்டு அதிலிருந்து கற்றுக்கொள்ள விட வேண்டுமாம். இதை அந்த அம்மா நாலு மணி நேரம் பாடமாக நடத்தினார். ஒருவர் அனுபவத்தையும் கேட்கவில்லை.

ஆனாலும் செபாஸ்டின் முட்டாள் இல்லை. எதைச் சொன்னால் தலையாட்டுவார்கள் என்று மூன்றாம் நாள் பிடித்துக்கொண்டார். "நான் இதுவரைக்கும் வாயால வேலை வாங்கினேன் மேடம். இனிமே காதால வாங்குவேன்" என்றார். நிர்மலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அந்த வாசகத்தைத் தன் செல்போனில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை செபாஸ்டின் நல்லவராகக் கம்பெனிக்குள் வந்தார்.

பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். ஆபீசிலிருந்து பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வட்டமாகப் போட வைத்தார். கேன்டீனில் சொல்லி டீ, பிஸ்கட் வரவழைத்தார். பிறகு, இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, "உக்காருங்கம்மா. கால் வலிக்கும்ல. டீ சாப்புடுங்க. உங்க மனசுல என்ன இருக்குதுன்னு சொல்லுங்க, நான் கேக்கறேன்" என்றார்.

ஒருத்தியும் உட்காரவில்லை. எப்படி உட்காருவார்கள்? அந்தக் கம்பெனியில் வேலைக்காரர்களுக்கு நாற்காலி போடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். வீட்டுக்கு அனுப்பும்போது. போன வருஷம் வாட்ச்மேன் மாதையனை இப்படித்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, 'உங்க மாதிரி ஆள் கெடைக்காதுங்க' என்றார்கள். டீ ஆறுவதற்குள் அவர் வேலை போயிருந்தது. அதற்கு முன்னால் பேக்கிங்கில் மூன்று பேருக்கும் அதே டீ, அதே பிஸ்கட். இப்போது பதினாறு நாற்காலி. அதுவும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட 'ங்க' போட்டுப் பேசாத வாயிலிருந்து 'சாப்புடுங்க'. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

பதினாறு பேரில் மூத்தவள் ராஜமேரி. செபாஸ்டினின் பங்கைச் சேர்ந்தவள்தான், ஞாயிறு பூசைக்குக் கோயிலில் இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவள். அவள் டீ கிளாசைக் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை. இளையவள் காவேரி, பன்னிரண்டாவது படித்தவள், அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்கம்மா அழுவறீங்க? உங்க உணர்வ நான் மதிக்கறேன்" என்றார் செபாஸ்டின். பயிற்சியில் கொடுத்த வாசகம் அது. காவேரிக்கு அழுகை இன்னும் கூடியது.

கலர் காகிதத்தைக் கொடுத்து மனதில் இருப்பதை எழுதச் சொன்னார். எழுதத் தெரியாதவர்களுக்கும் சேர்த்துக் காவேரியே எழுதினாள். சுவரில் ஒட்டியபின் செபாஸ்டின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பதினாறு காகிதத்திலும் ஒரே வரி: 'நான் ஒரு தப்பும் பண்ணலீங்க சார்.'

செபாஸ்டின் அதைப் போட்டோ பிடித்து நிர்மலாதேவிக்கு அனுப்பினார். 'குழுவுக்குள் எவ்வளவு தன்னம்பிக்கை!' என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெல்ட்டுக்கு ஒருத்திகூட வரவில்லை.

வாசலில் ஏழு டிராக்டர் தக்காளி. மிஷினை இயக்கத் தெரிந்தது, அதைப் பூட்ட வந்திருந்த டெக்னீஷியன் ஒருவனுக்கு மட்டும்தான். அவனும் மத்தியானம் ஓசூருக்குப் போக வேண்டியவன். வெயில் ஏற ஏற டிராக்டருக்கு அடியில் சிவப்புத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. விவசாயிகள் பேசிய பேச்சுக்கு முன்னால் செபாஸ்டினின் பழைய பேச்செல்லாம் ஜெபம்.

தங்கராஜ் ஓடிவந்தார். "புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்குது. அவங்களக் கூட்டிட்டு வராம நீங்க உள்ள வராதீங்க" என்றார். அணைத்துக் கூட்டிப் போவது பற்றி அப்போது அவர் எதுவும் சொல்லவில்லை.

செபாஸ்டின் வண்டியை எடுத்தார். இந்த வருஷ நோட்டீசுக்கு அச்சாபீசில் பெயர் கொடுத்தாகிவிட்டது என்பதுதான் வழியெல்லாம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

பதினாறு பேரும் ராஜமேரி வீட்டு முன்னால் இருந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காவேரி, ஒரு தையல் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னாங்கம்மா இது? ஏன் வேலைக்கு வரல?"

"நீங்க அனுப்பறதுக்கு முந்தி நாங்களே போயிட்டம்னா மானம் மிஞ்சும்ங்க சார்" என்றாள் ராஜமேரி.

"யாரு அனுப்பறாங்க? மரியாதையா பேசுனா அது ஒரு குத்தமா?"

"நீங்க திட்டுனீங்கன்னா வேல இருக்குதுன்னு அர்த்தம். நேத்து நாக்காலி போட்டீங்க. டீ குடுத்தீங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா?"

செபாஸ்டினுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அடச்சே, இதற்கா இத்தனை பாடு? "ஏ கழுதைங்களா" என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். "அதெல்லாம் இல்லீங்கம்மா. மிஷின் வருது, பயிற்சி குடுக்கறோம். அவ்வளவுதான்."

"அப்படின்னா அந்தோணியார் மேல சத்தியம் பண்ணுங்க சார்" என்றாள் ராஜமேரி. "மிஷின் வந்தா எங்க பதினாறு பேருக்கும் வேல இருக்குதுன்னு சொல்லுங்க. இப்பவே பொறப்பட்டு வர்றோம்."

செபாஸ்டின் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றுவிட்டது. ஆயிரம் பொய் சொன்ன வாய்தான். முந்தாநாள்கூட நிர்மலாதேவியிடம் சொன்னது பொய்தான். ஆனால் அந்தோணியார் விஷயம் வேறு. பதினாறு ஜோடிக் கண்கள் அந்தக் கையையே பார்த்தன.

"ஆறு பேர்தான்" என்றார். "மிஷினுக்கு ஆறு பேர்தான் வேணும்."

யாரும் அழவில்லை. காவேரி பேனாவை மூடினாள். மேனகா என்ற பெண் மட்டும், "ரெண்டு பிள்ளைங்க சார் எனக்கு" என்றாள், ஏதோ அவருக்குத் தெரியாத செய்தியைப் போல. உண்மையில் அவருக்கு அது தெரியாதுதான். பத்தொன்பது வருஷத்தில் கேட்டதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று செபாஸ்டினுக்கு ஒரு நிமிஷம் உடம்பே லேசானது. அந்த ஒரு நிமிஷம் அவர் நிஜமாகவே நல்லவராக இருந்தார். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த நிமிஷமே மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. பத்துப் பேரை யார் கழித்துக்கட்டுவது? மேனேஜர் கழிக்கமாட்டார், பட்டியல் போடு என்று நம் தலையில்தான் கட்டுவார். நாளைக்குக் கோயிலில் யார் முகத்தில் முழிப்பது? பயிற்சியில் படித்த ஒரு வரி அப்போது கைகொடுத்தது. முடிவில் எல்லோரையும் பங்கெடுக்க வை.

"அந்த ஆறு பேர் யாருன்னு நான் சொல்லமாட்டேன், மேனேஜரும் சொல்லமாட்டாரு" என்றார் செபாஸ்டின். "நீங்களே கூடிப் பேசி முடிவு பண்ணுங்க. உங்க முடிவுதான் கம்பெனி முடிவு. இதவிட மரியாத வேற என்னங்க வேணும்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததோடு நிற்கவில்லை. எந்த ஆடு முதலில் என்று ஆடுகளையே கூடிப் பேசச் சொன்னது.

"எழுதித் தருவீங்களா சார்?" என்றாள் ராஜமேரி.

தந்தார்கள். தங்கராஜுக்குத் தலைபோகும் அவசரம். ரகசியத்தை உடைத்ததற்குத் திட்டக்கூட அவருக்கு நேரமில்லை. காவேரி எழுதிய காகிதத்தில், 'பெல்ட் லைனில் வேலை பார்க்கும் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் முடிவைக் கம்பெனி அப்படியே ஏற்றுக்கொள்ளும்' என்று இருந்தது. தங்கராஜ் கையெழுத்துப் போட்டார், முத்திரையும் வைத்தார். போனில் கேட்ட நிர்மலாதேவி சந்தோஷத்தில் கத்தியே விட்டார். "இத நான் வீடியோ எடுக்கணும்! செவ்வாய்க்கிழமை வரேன்!"

சனிக்கிழமை பெண்கள் வந்தார்கள். ஓசூரிலிருந்து திரும்ப வரவழைத்த டெக்னீஷியன் பக்கத்தில் காவேரி அரை நாள் நின்று பார்த்தாள். அவன் போனதும் மற்றவர்களைக் கூப்பிட்டாள். "பச்ச வட்டம் வந்தா வுட்டுருங்கக்கா. செவப்பு வட்டம் அடிக்கடி வந்தா இத அமுக்குங்க. அப்பவும் நிக்கலன்னா இந்த உருண்டயத் தட்டுங்க, பெல்ட்டே நின்னுரும்." ஒருத்தி கற்று அடுத்தவளுக்குச் சொன்னாள். தப்பாக அமுக்கியவளைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள், எழுதத் தெரியாத ராஜமேரி உட்படப் பதினாறு பேருக்கும் மிஷின் கைவந்துவிட்டது. நிர்மலாதேவி இப்படி ஒரு பயிற்சிக்கு வழக்கமாக மூன்று வாரமும் இருபத்திரண்டு சார்ட்டும் கேட்பார்.

செபாஸ்டின் ஓரமாக நின்று பார்த்தார். கேட்பதற்கு யாரும் அவரிடம் வரவில்லை. இருந்தாலும் மனது குளிர்ந்தது. ஆள் வந்தாயிற்று, மிஷின் ஓடுகிறது, பழியும் தன் மேல் இல்லை. கோயில் நோட்டீஸ் தப்பித்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெல்ட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடினார்கள். நிர்மலாதேவி செல்போனை ஸ்டாண்டில் மாட்டினார். தங்கராஜ் தலைவாரிக்கொண்டு வந்தார். யார் பெரியவள், யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பேச்சு நடக்கும், கண்ணீர் வரும், வீடியோ நன்றாக வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

"பேச்சு ஒன்னும் இல்லீங்க" என்றாள் ராஜமேரி. "பேசுனா ஒருத்தி வயித்துல ஒருத்தி அடிச்ச மாதிரி ஆயிரும். சீட்டுக் குலுக்கிப் போடறோம். வர்ற மொத ஆறு பேருக்கு வேல." மடித்த சீட்டுகளைக் காவேரி ஒரு காலித் தக்காளிக் கூடையில் கொட்டினாள். "எண்ணிக்கங்க சார். பதினேழு இருக்குது."

"பதினாறு பேருதானம்மா?" என்றார் தங்கராஜ்.

"சூப்பர்வைசர் சாரும் பெல்ட்டு லைனுதானுங்களே."

செபாஸ்டினுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்ததும் சிரித்தார். "என்னாங்கம்மா வெளையாட்டு? நான் உங்கள மேப்பார்வ பாக்கற ஆளு. என் வேலை வேற, உங்க வேலை வேற."

ராஜமேரி அவரிடம் பேசவில்லை. தங்கராஜைப் பார்த்துத்தான் கேட்டாள். "பதினாறு பேருக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தாருங்க, சரி. இனி ஆறு பேருதான். அழுகலக் கேமரா பாக்குது, கணக்க டிவி காட்டுது. அந்த ஆறு பேர மேய்க்கறதுக்கு ஒருத்தரு எதுக்குங்க சார்?"

தங்கராஜின் முகம் ரொம்ப சாந்தமாகிவிட்டது. இந்த யோசனை தனக்கு ஏன் தோன்றாமல் போனது என்று அவர் வருத்தப்படுவது செபாஸ்டினுக்கு நன்றாகத் தெரிந்தது. "பாயின்ட் இருக்குதுங்க செபாஸ்டின்" என்றார். "எல்லாரும் சேர்ந்துன்னு நானே கையெழுத்தும் போட்டுட்டேன்."

"மேடம்!" என்று செபாஸ்டின் திரும்பினார்.

"எவ்ளோ அழகு பாருங்க! தலைவரும் குழுவுல ஒருத்தர்!" என்றார் நிர்மலாதேவி.

கொடுத்த யோசனை தன்னுடையது, போன வண்டி தன்னுடையது, கெஞ்சிய வாய் தன்னுடையது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

சீட்டு எடுக்க நிர்மலாதேவியையே கூப்பிட்டார்கள். முதல் சீட்டு, காவேரி. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது, கண்ணம்மாள். மூன்றாவது, யுவராணி. ஒவ்வொரு சீட்டுக்கும் செபாஸ்டின் ஒரு விரலை மடக்கி எண்ணினார். மற்றவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள், அவர் பார்க்கவில்லை. நான்காவது, ரேவதி. ஐந்தாவது, ராமக்கா. மேனகா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். ஆண்டவரே, என் பேர் வராவிட்டால் செத்தேன் என்று செபாஸ்டின் உதடு அசைய ஜெபித்தார்.

நிர்மலாதேவி ஆறாவது சீட்டைப் பிரித்தார். முகமெல்லாம் சிரிப்பு. "செபாஸ்டின்!"

"ஆ!" என்று ஒரு சத்தம். பாய்லர் அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான். செபாஸ்டின் கையைத் தட்டினார், துள்ளினார், தொண்டை கிழியச் சிரித்தார். "வந்துருச்சு! எம் பேரு வந்துருச்சு!" தங்கராஜ் கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற மேனகாவிடமும், "பாத்தீங்களா, எம் பேரு!" என்றார்.

அப்புறம்தான் தன் சிரிப்பைத் தவிர வேறு சத்தமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. பெயர் வந்த ஐந்து பெண்களும் தலையைக் குனிந்து நின்றார்கள். வராத பதினொரு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருக்கலாம். என் இடத்தை நீங்களே எடுத்துக்கங்க மேனகா என்று சொல்ல ஒரு வாய்ப்பு அங்கே இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. தொண்டை இருந்தது, சத்தம் வரவில்லை.

ராஜமேரி தன் தலையிலிருந்த வலைத் தொப்பியைக் கழற்றினாள். கையுறையையும் உருவினாள். இரண்டையும் தட்டி, தக்காளி விதையை உதிர்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"இந்தாங்க சார். இந்த எடத்துல நில்லுங்க, திரை நல்லாத் தெரியும். உருண்டயத் தட்டறதுன்னா எடது கையில தட்டுங்க, வலது கைக்கு எட்டாது."

செபாஸ்டின் வாங்கிப் போட்டுக்கொண்டார்.